விடுதிப் பள்ளி ஆசிரியைக்கு நினைவு மலர்: நினைவுகளை எப்படித் திரட்டுவது?

கேள்வி: மேல்மாடி வரிசை

வணக்கம். விடுதிப் பள்ளி ஒன்றில் 24 ஆண்டுகள் புவியியல் கற்பித்த ஆசிரியை அண்மையில் காலமானார். அவர் கணவர் அதே பள்ளியில் ஹவுஸ்மாஸ்டர், அதாவது விடுதிப் பொறுப்பாளர். வகுப்பில் ஆசிரியை, கடைசி மணி அடித்த பிறகு விடுதியில் ஐம்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்று இரண்டு வேலையும் ஆசிரியை தலையில்தான் இருந்தது. பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் அச்சிடுவதாகவும், இன்னும் பத்து வாரத்தில் நினைவுக் கூட்டம் நடத்துவதாகவும் முடிவாகியிருக்கிறது.

கையில் இருப்பவை: 140 பேர் உள்ள வாட்ஸ்அப் குழு, மூன்று ஆல்பம் (அதில் ஒன்று பசைத்தாளின் மேல் பிளாஸ்டிக் மூடிய பழைய வகை), ஒரு கவர் நிறைய நெகட்டிவ், அவர் பேச்சு பதிவான இரண்டு கேசட்.

"மேடத்தைப் பற்றி எழுதுங்கள்" என்று குழுவில் கேட்டதும் 38 பேர் எழுதிவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. "அன்பே உருவானவர்", "இன்னொரு தாய்", "கண்டிப்பும் கனிவும்". பெயரை மாற்றிவிட்டால் எந்த ஆசிரியைக்கும் பொருந்தும். மேடத்தின் முகம் அதில் தெரியவில்லை.

நல்ல நினைவுகளை வரவழைப்பது எப்படி? கணவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவரிடம் எப்போது, எப்படிக் கேட்பது? படங்களையும் கேசட்டையும் கெடுத்துவிடாமல் நகலெடுப்பது எப்படி? அவர் பெயரில் பரிசு வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இதைச் செய்து பழகியவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியாக இருக்கும்.


கோப்பறை

முதல் வேலையாக, அந்தக் குழுவில் நினைவு கேட்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். தகவல் சொல்லக் குழு நல்லது. நினைவு திரட்ட ஆகாது. முதலில் எழுதியவர் "இன்னொரு தாய்" என்று போட்டவுடன் அடுத்தவரும் அதே தடத்தில் போவார். நாலு பேர் பார்க்க இரங்கல் எழுதும்போது யாருக்கும் வேறு குரலில் பேசத் துணிவு வராது. அதைவிடப் பெரிய கேடு, ஒருவர் சொன்ன சம்பவம் இன்னொருவரின் சொந்த நினைவோடு கலந்துவிடுவது. பத்துப் பேர் ஒரே சம்பவத்தை எழுதினால் அதைப் பத்துச் சாட்சியாக எண்ண முடியாது. ஒரு சாட்சியும் ஒன்பது எதிரொலியுமாக இருக்கலாம்.

ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே கார் விபத்துப் படங்களைக் காட்டிவிட்டு, சிலரிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். முதல் தரப்பு சராசரியாக மணிக்கு 34 மைல் என்றது. இரண்டாம் தரப்பு ஏறத்தாழ 41 மைல். வேறு ஆட்களோடு செய்த இரண்டாவது சோதனையில், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்களில்தான் அதிகம். "மேடத்தின் அன்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அன்புதான் திரும்பி வரும். அது அவரைப் பற்றிய நினைவாக இருக்காது, உங்கள் கேள்வியின் நிழலாக இருக்கும்.

கேள்வியில் பெயரடையே வேண்டாம். இடம், நேரம், பொருள், சத்தம் என்று பிடித்துக் கேளுங்கள். விடுதிக்கு வந்த முதல் நாள், பெற்றோர் கிளம்பிய பிறகு அவர் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது? இரவு விளக்கணைக்க வருகிறார் என்பது எதனால் தெரியும்: செருப்புச் சத்தமா, சாவிக்கொத்தா, டார்ச் வெளிச்சமா? காய்ச்சலோடு நோயறையில் படுத்திருந்தால் எத்தனை முறை வந்து பார்ப்பார், வந்தால் உட்காருவாரா, நின்றபடியே போவாரா? வரைபடத்தில் ஆறு தப்பான பக்கம் ஓடினால் நோட்டில் என்ன எழுதுவார், எந்த நிற மையில்? கோபம் வந்தால் குரல் ஏறுமா, இறங்குமா? வகுப்பில் உங்களைக் கூப்பிட்ட பெயரும் விடுதியில் கூப்பிட்ட பெயரும் ஒன்றா?

இந்தக் கடைசிக் கேள்வியை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். பகலில் கணக்கு வழக்கில்லாமல் திட்டு வாங்கிய பிள்ளை, இரவு பல்வலி என்று அவர் கதவைத்தான் தட்ட வேண்டும். அந்த இரண்டு வேடத்துக்கும் நடுவே அவர் எப்படி மாறினார் என்பது பிள்ளைகளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஹவுஸ்மாஸ்டரின் மனைவியே ஆசிரியையாகவும் இருக்கும்போது மலரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒருவருக்கு ஐந்து கேள்விக்கு மேல் அனுப்பினால் பதில் வராது. எழுதித் தரச் சொன்னால் பாதிப் பேர் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்கள். ஐந்து நிமிடக் குரல் பதிவாகக் கேளுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க, பழகிய கைக்கே நான்கு மணி நேரமாவது பிடிக்கும். 40 பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 200 நிமிடப் பேச்சு, 13 மணி நேரத்துக்கு மேல் தட்டச்சு. மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எழுதிய 38 பேரை விட்டுவிட வேண்டாம். அவரவர் எழுதிய சொல்லையே எடுத்து ஒரே ஒரு கேள்வி திருப்பி அனுப்புங்கள். "கண்டிப்பானவர் என்று எழுதியிருந்தீர்கள். எதற்காக ஒருமுறை கண்டித்தார், அப்போது என்ன சொன்னார்?" சம்பவம் தானாக வரும்.

வரிசை முக்கியம். மிக மூத்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்: கணவர், பழைய மேட்ரன், நோயறை நர்ஸ், விடுதிச் சமையல்காரர், இரவுக் காவலர், அவரோடு பணியாற்றிய ஆசிரியர்கள். அதன் பிறகு முதல் அணி மாணவர்கள். வாட்ஸ்அப்பில் சுறுசுறுப்பாக இருக்கும் இளையவர்கள் கடைசியில் வரட்டும், அவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள். பெரும்பாலான மலர்களில் சமையல்காரரையும் காவலரையும் யாரும் கேட்பதில்லை. அதிகாலை நாலரைக்கும் நள்ளிரவிலும் ஹவுஸ்மாஸ்டரின் மனைவியைப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

கணவரிடம் அவசரப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். முதல் முறை ரெக்கார்டர் இல்லாமல், ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் போகட்டும். இரண்டாம் முறை பதிவு. முற்பகல் நேரம் நல்லது. முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியையும் டிவியையும் அணைத்துவிட்டு, நேர் எதிரே, வாயசைவு தெரியும்படி உட்காருங்கள். ஆண்டு வரிசையில் கேட்டால் தேர்வு எழுதுவது போல் திணறுவார். படத்தைக் காட்டி "இதை யார் எடுத்தது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆண்டு தப்பென்று தெரிந்தாலும் அங்கேயே திருத்த வேண்டாம். திருத்திய நிமிடத்திலிருந்து பதில் சுருங்கிவிடும். மௌனம் வந்தால் பத்து விநாடி பொறுத்திருங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

அடுத்து ஆவணங்கள். ஆசிரியையின் வேலைக்குத் தடயம் உண்டு: பணிப்பதிவேடு, கால அட்டவணை, மதிப்பெண் பட்டியல். ஹவுஸ்மாஸ்டர் மனைவியின் வேலைக்குத் தடயமே இருக்காது. பல விடுதிப் பள்ளிகளில் அது சம்பளமில்லாத வேலை, ஆகவே எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறியிருக்காது. பள்ளி ஆண்டு மலரில் தேடும்போது அவர் பெயரில் மட்டும் தேடிவிட்டு "ஒன்றுமில்லை" என்று மூடிவிடாதீர்கள். "திருமதி" என்று போட்டுக் கணவர் பெயரில்தான் அச்சாகியிருக்கும். நாடக நிகழ்ச்சி நிரலில் ஒப்பனை, உடை என்ற வரிகளையும், குழுப்படத்தில் உட்கார்ந்திருக்கும் வரிசையையும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சான்று, பிள்ளைகள் விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதிய வாரக் கடிதம். பல விடுதிகளில் அது கட்டாயம். பெற்றோர் பெட்டியில் கட்டு கட்டாகக் கிடக்கும். தேதியோடு இருக்கும், நாற்பது ஆண்டு கழித்துச் சொல்லும் நினைவைவிட, அன்று இரவு பத்து வயதுக் கையால் எழுதிய ஒரு வரிக்கு எடை அதிகம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மேடம் பெற்றோருக்கு எழுதிய கடிதங்களும் அதே பெட்டியில் இருக்கும். குழுவில் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்.


வெளிச்சப்பெட்டி

படங்களுக்கும் கேசட்டுக்கும் நான் சொல்கிறேன்.

பசைத்தாள் ஆல்பத்தில் படத்தை உரிப்பதற்கு முன், பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஸ்கேன் செய்துவிடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். ஆண்டு தெரியாத படத்துக்குப் பக்கத்துப் படம்தான் ஆண்டு சொல்லும். பிறகு, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை மூலையில் நுழைத்து, தாளோடு ஒட்டியபடி ரம்பம் அறுப்பது போல் மெல்ல இழுங்கள். விரலால் மூலையைப் பிடித்துத் தூக்கினால் படம் வளையும், மேல்பூச்சு வெடிக்கும், அந்த வெடிப்பு மறையாது. நூல் நகரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பக்கத்தோடு எடுத்த ஸ்கேனே போதும்.

எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்பது அச்சில் எவ்வளவு பெரிதாக வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. அச்சுக்கு, கடைசி அளவில் 300 டிபிஐ வேண்டும். 9 செ.மீ. அகலப் படம் 18 செ.மீ. ஆக வேண்டுமானால் 600-இல் ஸ்கேன் செய்ய வேண்டும். எல்லாப் பிரிண்டையும் 600-இல் எடுத்துவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை. 35 மி.மீ. நெகட்டிவின் சட்டம் 36-க்கு 24 மி.மீ.; அதிலிருந்து 20 செ.மீ. அகலப் படம் வேண்டுமென்றால் 1,700 டிபிஐ அளவுக்குத் தேவை, ஆகவே 2,400-இல் எடுங்கள். ஒரே காட்சிக்குப் பிரிண்டும் நெகட்டிவும் இருந்தால் நெகட்டிவையே எடுங்கள். பிரிண்டில் வெட்டுப்பட்ட ஓரத்தில் யாராவது நின்றிருப்பார்கள். மூலத்தை டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். நிறம் திருத்துவதெல்லாம் நகலில்.

மற்றவர்கள் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சுக்கு உதவாது. "டாக்குமென்ட்" ஆக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் கோப்புக்குப் பெயர் வையுங்கள்: ஆண்டு, அனுப்பியவர், வரிசை எண். மூன்று வாரம் கழித்து 600 கோப்புகள் சேர்ந்த பிறகு யார் அனுப்பியது என்று தேடுவது பெரிய துன்பம்.

மங்கிய முகத்தைத் "தெளிவாக்கும்" செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேண்டாம். அவை இருக்கும் முகத்தை மீட்பதில்லை. இல்லாத கண்ணையும் பல்லையும் உண்டாக்குகின்றன. நினைவு மலரில் அவர் முகமே அவருடையதாக இல்லாமல் போனால் என்ன பயன்?

குழுப்படத்தில் ஆள் அடையாளம் காண, படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளின் உருக்கோட்டை வரைந்து எண் போடுங்கள். அந்த எண்ணிட்ட நகலை மூன்று பேருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். மூவரில் இருவர் ஒத்துப்போனால் அச்சிடலாம். இடம், வலம் என்பது பார்ப்பவரின் பக்கமிருந்து. படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம். கேமராவில் தேதியைச் சரிசெய்யாமலே எடுத்திருப்பார்கள். பின்பக்கம் அச்சான தேதி பிரிண்ட் போட்ட தேதி. பின்பக்கம் ஏதாவது குறிப்பதானால் ஓரத்தில் மென்மையான பென்சிலால் மட்டும். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

கேசட்: போட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்று தொடங்காதீர்கள். பழைய நாடாவுக்கு முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் ஆகலாம். முதல் முறை ஓடும்போதே கணினியில் பதிவாகிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு முன் கேசட்டின் பின் விளிம்பில் உள்ள இரண்டு சிறு தாவல்களை உடைத்துவிடுங்கள்; தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிளேயரின் தலையையும் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். பாடவிடாமல், நாடாவை ஒருமுறை கடைசிவரை வேகமாகச் சுற்றித் திரும்பச் சுற்றினால் ஒட்டிய சுற்றுகள் விடுபடும். வேவ் (WAV) கோப்பு வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். சி-60 என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம், சி-90 என்றால் 45.

குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் பெரும்பாலும் பிளேயர் தலையின் சாய்வு பொருந்தவில்லை. தலைக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்திப் பாருங்கள், குரல் சட்டென்று தெளியும். நாடாவை அழுத்தும் சிறு கம்பளித்துண்டு விழுந்திருந்தாலும் இதே அடைப்பு வரும். அப்படியானால் திருகு போட்ட வேறொரு நல்ல கூட்டுக்கு நாடாவை மாற்ற வேண்டும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், தொழிலாக இதைச் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.


மெய்ப்பு

பத்து வாரம் என்பதைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். அச்சுக்கும் பைண்டிங்குக்கும் இரண்டு வாரம், மெய்ப்புக்கு (அச்சுப் பிழை பார்க்க) ஒன்றரை வாரம், பக்க வடிவமைப்புக்கு இரண்டு வாரம். ஆக நினைவுகள் வந்து சேர உங்களுக்கு இருப்பது நாலரை வாரம்தான். அறிவிக்கும் கடைசித் தேதியை மூன்றாம் வார முடிவில் வையுங்கள். நல்ல கட்டுரைகளில் சில கடைசித் தேதிக்குப் பிறகுதான் வரும்.

உள்பக்கங்களை 16-இன் மடங்காகத் திட்டமிடுங்கள்: 96, 112, 128. டெமி என்ற புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில், பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல். ஆளுக்கு 400 சொல் என்றால் இரண்டு பக்கம். 40 பேருக்கு 80 பக்கம், மீதியில் படங்களும் வாழ்க்கைக் குறிப்பும்.

பலர் பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சிட்டு அனுப்புவார்கள். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது வழக்கம். "கொ", "கௌ", "ஸ்ரீ" வரும் இடங்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள். இன்டிசைனில் பக்கம் அமைப்பதானால் இந்திய எழுத்துகளைக் கையாளும் பத்தி அமைப்பியைத் தேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், எழுத்துரு உள்ளே பொதிந்திருக்க வேண்டும். மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள், தாளில் பாருங்கள். பெயர்களையும் இனிஷியலையும் மட்டும் பார்க்க ஒரு தனி ஆள் வேண்டும். பொருளில் மூழ்கிப் படிப்பவர் கண்ணுக்கு இனிஷியல் பிழை படாது.

திருத்தும்போது ஒரு சோதனை: கட்டுரையில் அன்பு, கருணை, தாய், தியாகம் ஆகிய சொற்களை அடித்துவிட்டுப் படியுங்கள். என்ன மிஞ்சுகிறதோ அதுதான் கட்டுரை. இரண்டே வரி மிஞ்சினாலும் அந்த இரண்டு வரியை அச்சிடலாம். எழுதியவர் வருந்த மாட்டார், அவர் பெயரும் நினைவும் உள்ளே இருக்கும். ஒரே சம்பவத்தைப் பலர் சொன்னால் நன்றாகச் சொன்னதை முழுதாகப் போட்டு, மற்றவர்களுடையதில் வேறுபடும் ஒரு வரியை மட்டும் அருகில் தாருங்கள். முரண் வந்தால் எது சரி என்று தீர்ப்பளிக்காதீர்கள். 24 ஆண்டில் மனிதர் மாறுவார். தொடக்க கால மாணவர் "சிரித்தே பார்த்ததில்லை" என்பதும், கடைசி அணி "சிரிப்புச் சத்தம் மாடிவரை கேட்கும்" என்பதும் இரண்டும் உண்மையாக இருக்கும். சேர்ந்த ஆண்டையும் விட்ட ஆண்டையும் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் போட்டால் வாசகருக்குப் புரிந்துவிடும்.

அவர் பேச்சைப் "பண்படுத்த" வேண்டாம். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகத்தான் அதட்டினார் என்றால் அப்படியே வரட்டும், தமிழ் எழுத்தில்.

இனி, மலர்க் குழு உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று. ஹவுஸ்மாஸ்டர் மனைவி செய்த நன்மைகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு பிள்ளையின் வெட்கத்தோடு சேர்ந்தது. படுக்கையை நனைத்த பிள்ளையின் விரிப்பை விடியுமுன் யாருக்கும் தெரியாமல் மாற்றியது, திருடிய பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் பொருளைத் திருப்பி வைக்கச் செய்தது, வீட்டில் பிரிவு நடந்த பிள்ளையைத் தன் அறையில் உட்கார வைத்தது. பார்த்த இன்னொருவர் எழுதி அனுப்புவார், படிக்க அழகாக இருக்கும். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அச்சில் ஏற்றவே கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஐம்பது பேர் வாழ்ந்த விடுதியில் ஆண்டும் அறையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அவர் அன்று யாருக்கும் தெரியாமல் செய்ததை நீங்கள் இன்று எல்லாருக்கும் தெரியச் செய்யக் கூடாது.

தாளைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று கேளுங்கள்: அமிலமற்ற தாள். ஐஎஸ்ஓ 9706 தரம் என்றால் நல்லது. மரக்கூழில் லிக்னின் மிஞ்சிய மலிவுத் தாள் சில ஆண்டுகளில் பழுப்பேறும். முதுகில் பசை மட்டும் போட்ட பைண்டிங் அடிக்கடி திறந்தால் பக்கம் உதிரும். நூல் தைத்த பைண்டிங் கேளுங்கள். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும், குறுக்கே போனால் புத்தகம் விறைப்பாக நின்று படிக்க விரியாது.


மேல்மாடி வரிசை

எல்லாருக்கும் மிக்க நன்றி. குழுவில் கேட்பதை நிறுத்தியாயிற்று. வாரக் கடிதங்களைப் பற்றிக் கேட்டதும் மூன்று பேர் தேடத் தொடங்கிவிட்டார்கள். கூட்டத்தையும் பரிசையும் பற்றி யாராவது சொல்ல முடியுமா? பேச விரும்புகிறவர்கள் பட்டியல் இப்போதே 17 பேர்.


தாழ்வாரம்

17 பேர் பேசினால் எட்டாவது ஆளுக்குப் பிறகு யார் காதிலும் எதுவும் ஏறாது. ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். அவரிடம் வகுப்பில் மட்டும் படித்த ஒருவர், விடுதியில் மட்டும் இருந்த ஒருவர், தொடக்க ஆண்டுகளிலிருந்து ஒருவர், கடைசி ஆண்டுகளிலிருந்து ஒருவர், உடன் பணியாற்றியவர் ஒருவர், விடுதிப் பணியாளர் ஒருவர் என்று தேர்ந்தெடுத்தால் சொன்னதையே சொல்லும் தொல்லை இருக்காது. மற்ற 11 பேரின் எழுத்து மலரில் முதலில் வரும் என்று சொல்லிவிடுங்கள். எழுதி வைத்து, வீட்டில் கடிகாரம் பார்த்து உரக்கப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மேடையில் தொண்டை அடைக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டரை நிமிடத்துக்கு எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொருவர் பேச்சின் நகலும் தொகுப்பாளரிடம் இருக்கட்டும். ஒருவரால் தொடர முடியாவிட்டால் அவர் எடுத்துப் படித்துவிடுவார்.

படக்காட்சியில் ஒரு படத்துக்கு ஆறு விநாடி. 40 படம் என்றால் நாலு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கேசட்டில் உள்ள குரலைப் போடுவதானால் 40 விநாடி போதும். ஆனால் கணவருக்கு முன்கூட்டிச் சொல்லி, வீட்டிலேயே ஒருமுறை போட்டுக் காட்டிவிட வேண்டும். இறந்தவரின் குரலைக் கூட்டத்தின் நடுவில் திடீரென்று கேட்கச் செய்வது கொடுமை. அவருக்கு இருக்கை நடு வரிசையின் நடுவில் வேண்டாம். ஓரத்தில், எழுந்து வெளியே போக வசதியாக.

பரிசு வைக்கலாம், ஆனால் கணக்கு தெரிந்து வையுங்கள். என்றென்றும் நடக்க வேண்டுமானால் முதலைத் தொடக் கூடாது, வருமானத்திலும் முழுதும் செலவழிக்கக் கூடாது. ஆண்டுக்கு முதல் தொகையில் நாலு சதவீதம் செலவு என்று வைத்தால், ஆண்டுச் செலவின் 25 மடங்கு முதல் வேண்டும். அவ்வளவு சேரவில்லையென்றால் "பத்து ஆண்டுகளுக்கு" என்று வெளிப்படையாக அறிவித்து, ஆண்டுதோறும் விடுதி அலமாரிக்கு நிலப்படங்களும் புத்தகங்களும் வாங்கித் தருவது நேர்மையான வழி. பரிசுகள் அழிவது பெரும்பாலும் எழுதி வைத்த விதிமுறையால்: "புவியியலில் முதல் மதிப்பெண்" என்று எழுதிவிட்டு, பிறகு பாடத்திட்டத்தில் அந்தப் பாடமே மாறிவிட்டால் பணம் முடங்கிக் கிடக்கும். நோக்கத்தைப் பொதுவாகவும், தேர்வு முறையை மாற்றும் அதிகாரத்தைக் குழுவுக்கும் எழுதி வையுங்கள். மதிப்பெண்ணுக்கு ஏற்கெனவே பல பரிசுகள் இருக்கும். புதிதாக வந்த பிள்ளைகளை முதல் பருவத்தில் கவனித்துக்கொண்ட மாணவருக்கு என்று வைத்தால் அது அவர் செய்த வேலைக்கே நேர் வாரிசு. மேட்ரனும் விடுதிப் பணியாளர்களும் தேர்ந்தெடுக்கட்டும், அவர்களுக்குத்தான் தெரியும்.


மேல்மாடி வரிசை

ஒரு சின்னக் கேள்வி மீதி. அட்டையில் என்ன பெயர் போடுவது? எல்லாருக்கும் அவர் "மேடம்". பள்ளி மலர்களில் தேடிப் பார்த்தோம். கோப்பறை சொன்னது போலவே எல்லா இடத்திலும் "திருமதி" போட்டுக் கணவர் பெயர்தான்.


கோப்பறை

மேடத்தின் சொந்தப் பெயரைப் போடுங்கள். விடுதிகளில் இந்த வேலைக்கு ஒரு காலத்தில் தனிப் பெயரே இருந்தது. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் விடுதி இல்லங்களை நடத்திய பெண்களை "டேம்" என்பார்கள்; அவர்களில் கடைசியானவர் ஜேன் எவன்ஸ், 1906-இல் இறந்தார். அவர் நடத்திய இல்லம் அவர் குடும்பப் பெயராலேயே அறியப்பட்டது. ஹவுஸ்மாஸ்டர் மனைவிகளுக்கு அந்தப் பெயர்கூட வாய்க்கவில்லை.

கணவரிடம் கேட்டு, மேடம் தன் பெயரை எப்படி எழுதுவாரோ அப்படியே போடுங்கள்: இனிஷியல் முன்னாலா பின்னாலா, பிறந்த வீட்டு இனிஷியலா, கணவருடையதா. நினைவில்லை என்றால் யாராவது ஒருவரின் தேர்ச்சி அறிக்கை அட்டையைத் தேடுங்கள். பாட ஆசிரியர் கையொப்பம் என்ற கட்டத்தில் அவர் தன் பெயரைத் தன் கையால் எழுதியிருப்பார். அதை 1,200 டிபிஐ-யில், கிரேஸ்கேலில் (சாம்பல் நிறச் சாயல்களோடு) ஸ்கேன் செய்யுங்கள். வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பேனா மெலிந்த இடங்கள் அறுந்துபோகும். கட்டத்தின் கோடு கையொப்பத்தின் மேல் ஓடினால் கோட்டை மட்டும் கவனமாக நீக்கச் சொல்லி, அட்டையில் தலைப்பாக அந்தக் கையொப்பத்தையே வையுங்கள். முதுகில் அதே பெயர் அச்செழுத்தில்.